ஐந்தரை வண்டியும் ஒரு ரோந்துப் படகும்

என் கணவரைத் தெருவில் எல்லோரும் ஜெனரல் என்றுதான் கூப்பிடுவார்கள். ராணுவத்தில் ஒரு நாள்கூட இருந்தவர் இல்லை. லாரி டயர் வெடித்தால் முதலில் குனிகிற ஆள் அவர்தான். தொழில் பூட்டும் சாவியும். கடைத்தெரு முனையில் ஆறடிக்கு நாலடியில் ஒரு கடை. சுவர் முழுக்க வெட்டாத சாவிகள் தொங்கும். மேசையில் நாலைந்து அரங்கள், சாவி வெட்டுகிற மெஷின், ஒரு ரேடியோ. அந்த ரேடியோவில் பாட்டு வந்தால் அவருக்குக் காது வலிக்கும். செய்தி மட்டும்தான் கேட்பார்.

பட்டம் வந்த கதை சின்னது. ஒரு வங்கி குமாஸ்தா பீரோ சாவியைத் தொலைத்துவிட்டு, பூட்டையே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். பத்து நிமிஷ வேலை. ஆனால் அன்றைக்குக் காலையில்தான் பாதுகாப்புத் துறைக்கு ஒதுக்கீடு குறைந்துவிட்டதாகச் செய்தியில் சொல்லியிருந்தார்கள். இவர் அரத்தை ஒரு இழுப்பு இழுப்பார், நிறுத்துவார், எல்லைக் காவலைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசுவார், மறுபடி ஒரு இழுப்பு. முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசியில் அந்த மனிதர், "ஜெனரல் சார், நீங்க எத்தனை டாங்கி வேணும்னாலும் வாங்கிக்குங்க, நான் தடுக்கல. என் சாவிய மட்டும் குடுத்துடுங்க" என்றாராம். பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் காதில் அது விழுந்தது. சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

அவருடைய கொள்கை ரொம்ப எளிமை. அதை நான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

"பூட்டு எதுக்கு இருக்கு? தொறக்காம இருக்கறதுக்கு. ராணுவம் எதுக்கு இருக்கு? சண்டை வராம இருக்கறதுக்கு. நல்ல பூட்டு வாங்கறவன் பணம் போச்சேன்னு அழக்கூடாது."

எங்கள் வீட்டுப் பின்கதவுக்குப் பூட்டு கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதினோரு வருஷமாக ஒரு கம்பியை வளைத்து மாட்டி வைத்திருக்கிறோம். கேட்டால் "அடுத்த வாரம்" என்பார். நாட்டின் எல்லை முழுவதையும் அக்குவேறு ஆணிவேறாக அலசுகிறவருக்கு இந்த மூன்றடிக் கதவு மட்டும் கண்ணில் படவில்லை.

ராணுவத்துக்கு வேண்டிய பணம் எங்கிருந்து வரும் என்பதற்கும் அவரிடம் விடை இருந்தது. தண்டச் செலவை நிறுத்தினால் போதும். தண்டச் செலவு என்றால் மந்திரிகளுக்கு முன்னும் பின்னும் போகிற கார்கள், அரசு அலுவலகங்களில் பகலில் எரிகிற விளக்குகள், வருஷத்துக்கு இரண்டு தடவை தோண்டி மூடப்படுகிற எங்கள் தெரு. இந்த இடத்தில் அவர் சொல்வது நியாயம்தான், நானும் தலையாட்டுவேன். ஆனால் அடுத்த வாக்கியத்தில் அந்தப் பணம் அத்தனையையும் தூக்கிக் கடற்படையிடம் கொடுத்துவிடுவார். எனக்கும் கருத்து என்று ஒன்று உண்டு. சாக்கடைக்கு மூடி போட்டு, தெருவிளக்கை எரியவிட்டாலே பாதிப் பாதுகாப்பு வந்துவிடும் என்பது என் கட்சி. "நீ வீட்டுக்குள்ள இருந்து யோசிக்கிற" என்பார். "நீங்க கப்பல்ல இருந்தா யோசிக்கிறீங்க?" என்பேன். சாப்பிட்ட கை காய்ந்து போகும் வரைக்கும் இது நடக்கும். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் எங்களுக்கு இதுவும் ஒரு பொழுதுபோக்கு.

கேட்பதற்கு வாடிக்கையாளர்கள் போதவில்லை என்றுதான் நாளிதழுக்கு எழுத ஆரம்பித்தார். 'வாசகர் கருத்து' பகுதி. நூற்றிருபது வார்த்தைக்குள் இருக்க வேண்டும், ஒருவர் மாதத்துக்கு ஒரு கடிதம்தான் அனுப்பலாம் என்று விதி. இவர் எழுதினால் நானூறுக்குக் குறையாது. கையெழுத்தோ, அவர் அரத்தால் எழுதுகிறாரா பேனாவால் எழுதுகிறாரா என்று சந்தேகம் வரும். அதனால் சுருக்கி, நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுப்பது என் பொறுப்பாயிற்று. எனக்கு அது கைவந்த கலை. அதே நாளிதழின் வரி விளம்பரக் கவுண்டரில்தான் எனக்கு வேலை. வீடு வாடகைக்கு, வேலைக்கு ஆள் தேவை, காணவில்லை, காலமானார். எல்லாம் வார்த்தைக்கு இவ்வளவு என்று கட்டணம். வருகிறவர்கள் வாழ்க்கைக் கதையையே சொல்வார்கள். நான் அதில் 'மிகவும்', 'அன்பான', 'காற்றோட்டமான' எல்லாவற்றையும் அடித்து, பதினைந்து வார்த்தையில் முடித்துக் கொடுப்பேன். பத்தொன்பது வருஷமாக நான் வெட்டிய வார்த்தைகளைக் கூட்டினால் ஒரு குன்று நிற்கும்.

எங்கள் வீடு மாடியில், பேருந்து புறப்படும் நிலையத்துக்கு நேர் எதிரே. ஜெனரல் விடிவதற்கு முன்பே எழுந்து, ஜன்னலோரம் தேநீரோடு உட்கார்ந்து வீட்டு ரேடியோவில் முதல் செய்தியைக் கேட்பார். அந்த நேரத்தில்தான் காலை ஐந்தரை வண்டி கிளம்பும். உள்ளே விளக்கெல்லாம் ஜொலிக்கும். ஓட்டுநர் ஒருவர், நடத்துநர் ஒருவர். வேறு ஈ, காக்கை கிடையாது.

"பாத்தியா?" என்பார். "இவ்ளோ பெரிய வண்டி, ரெண்டு பேருக்கு. அவங்களும் டிக்கெட் எடுக்க மாட்டாங்க."

இருபது நாள் எண்ணினார். சாவி சுற்றிவருகிற அட்டைகளின் பின்பக்கத்தில் தேதி போட்டுக் குறித்துவைத்தார். பூஜ்யம், ஒன்று, பூஜ்யம், இரண்டு. அப்புறம் உட்கார்ந்து எழுதினார். கிளம்பும்போதே காலியாக ஓடுகிற வண்டிகளை நிறுத்துங்கள், 'இந்த ஒரு வண்டியின் டீசலில் நம் கடலில் ஒரு ரோந்துப் படகு ஓடும்' என்று. அவர் எழுதியதிலேயே சிறந்த கடிதம் அது. நானூற்றுப் பத்து வார்த்தை. நான் நூற்றுப் பத்தொன்பதாக்கினேன். நாளிதழில் முதலாவதாகப் போட்டார்கள், பெயரைத் தடித்த எழுத்தில்.

இரண்டு மாதம் கழித்து நிலையத்தின் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். 'பொதுமக்கள் தெரிவித்த கருத்துகளுக்கிணங்க, பயணிகள் குறைவாக உள்ள கீழ்க்கண்ட நடைகள் நிறுத்தப்படுகின்றன.' பட்டியலில் மூன்றாவதாக ஐந்தரை வண்டி.

அன்றைக்கு அவரைப் பார்த்திருக்க வேண்டும். "பொதுமக்கள்னு போட்டிருக்கான் பாரு. யாரு அந்தப் பொதுமக்கள்? நான்தான்!" இருபத்திரண்டு வருஷமாக எழுதுகிறார். அரசாங்கம் அவர் பேச்சைக் கேட்டது அதுதான் முதல் தடவை. கடைத்தெரு முழுக்க பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார். அறிவிப்பைப் பார்த்து எழுதிவந்து, என்னிடம் நல்ல கையெழுத்தில் ஒரு படி வாங்கி, பிளாஸ்டிக் உறை போட்டு வீட்டு ரேடியோவுக்கு மேலே மாட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

மூன்று வாரம் கழித்து என் கவுண்டருக்கு என் நாத்தனார் வந்தார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெனரலுக்கு ஒரே அக்கா, எட்டு வயது மூத்தவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட்டார்கள். இவருடைய பள்ளிக்கூடப் புத்தகத்திலிருந்து முதல் அரம் வரைக்கும் வாங்கிக் கொடுத்தது அண்ணிதான். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டார். அரசு மருத்துவமனைச் சமையலறையில் இருபத்தாறு வருஷமாக வேலை. காலை ஆறேகாலுக்குப் போய்க் கதவைத் திறந்து, அடுப்பைப் பற்றவைத்து, இருநூறு நோயாளிகளுக்குப் பால் காய்ச்சுகிற பொறுப்பு அவருடையது. நாத்தனார் என்றால் எப்படி இருப்பார்கள் என்று ஊரில் எனக்குச் சொல்லி அனுப்பியது வேறு. வந்து பார்த்தால் இப்படி ஒருவர். சண்டை போடக்கூட ஒரு காரணம் கொடுத்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

அண்ணி கவுண்டருக்கு வந்ததே இல்லை. அன்றைக்கு வரிசையில் நின்று, முறை வந்ததும் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். 'அரசு மருத்துவமனைக்குப் பக்கத்தில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு ஒரு அறை வாடகைக்குத் தேவை.'

"யாருக்கு அண்ணி?"

"எனக்குத்தான்."

"நல்ல வீடு இருக்கே, எதுக்கு?"

"காலை பஸ்ஸ நிறுத்திட்டாங்கம்மா. அடுத்த பஸ் ஏழு மணிக்குத்தான். நடந்துதான் போறேன். ஒண்ணேகால் மணி நேரம் ஆவுது. கால் ஒத்துழைக்க மாட்டேங்குது. ரெண்டு தடவை ரெஜிஸ்டர்ல சிவப்பு மை விழுந்துடுச்சு. மூணாவது விழுந்தா சமையல்கட்டுலேர்ந்து எடுத்துடுவாங்களாம். பென்ஷனுக்கு இன்னும் பதினாலு மாசம் இருக்கு, அதுவரைக்கும் சமாளிச்சுட்டா போதும்."

"எந்த பஸ் அண்ணி?" என்று கேட்டேன். கேட்கும்போதே விடை தெரிந்துவிட்டது.

"உங்க வீட்டு எதுத்தாப்பல கிளம்புமே, அஞ்சரை வண்டி. எனக்கு அஞ்சாவது ஸ்டாப்பு, தண்ணித் தொட்டி. அங்க வர்றப்பவே நிக்க இடம் இருக்காது."

கிளம்புகிற இடத்தில் எந்த வண்டியும் காலியாகத்தான் இருக்கும். அங்கிருந்து அது பின்பக்கக் குடியிருப்புகளை எல்லாம் சுற்றிக்கொண்டு போய், மருத்துவமனை துடைக்கிறவர்கள், சந்தையில் மூட்டை இறக்குகிறவர்கள், ஓட்டலில் பாத்திரம் தேய்க்கிறவர்கள் என்று விடியுமுன் வேலைக்குப் போகிற அத்தனை பேரையும் அள்ளிக்கொள்ளும். நாங்கள் கிளம்புகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு எண்ணினோம். எந்த நாட்டிடம் எத்தனை நீர்மூழ்கிக் கப்பல் என்று கேட்டால் ஜெனரல் உடனே சொல்வார். அக்கா எந்தப் பேருந்தில் வேலைக்குப் போகிறார் என்று இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவை கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

விளம்பரத்துக்கு நான் பணம் வாங்கவில்லை. போடவும் இல்லை. "ரெண்டு நாள் பொறுங்க அண்ணி" என்றேன். கிளம்பும்போது திரும்பி, "தம்பிகிட்ட சொல்லாத, என்ன?" என்றார். மனசு கஷ்டப்படுவார் என்று சொல்கிறார் என நினைத்துக்கொண்டேன்.

சொல்லாமல் இருக்க முடியுமா? அன்று சாயங்காலமே சொன்னேன். ஏழு மணிச் செய்தி நேரம் வந்தது, போயிற்று. ஜெனரல் ரேடியோவைத் தொடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து, இவர் ஐந்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் தேவலை என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். அன்றைக்கு அவர் பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"எண்ணினது நான். எழுதினது நான்," என்றார் கடைசியில். "என்னை வளத்தவ காலை நானே ஒடிச்சிருக்கேன்."

அப்போது நான் எழுந்து போய், அலமாரியின் அடித்தட்டிலிருந்து அவருடைய பழைய கையெழுத்துப் படியை எடுத்துவந்தேன். அண்ணி கவுண்டரில் பேசிய நிமிஷத்திலிருந்து அது என் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. நாலாவது பத்தியில் அவரே எழுதியிருந்தார்: 'நான் எண்ணியது வண்டி புறப்படும் முதல் நிறுத்தத்தில். வழியில் ஆட்கள் ஏறுகிறார்களா என்று எனக்குத் தெரியாது; அதிகாரிகள் பார்த்துக்கொள்ள வேண்டும்.' அந்த இரண்டு வாக்கியத்துக்கும் குறுக்கே என் சிவப்புக் கோடு.

"நீங்க சரியாத்தான் எழுதியிருந்தீங்க," என்றேன். "நூத்திருபதுக்குள்ள அடக்கணும்னு நான்தான் வெட்டினேன். படகு வரி அழகா இருந்துச்சு, அத விட்டேன். இத வெட்டிட்டேன்." சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். என்மேல் பாய்வார் என்று நினைத்தேன். பாய்ந்திருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

"நீ வெட்டினத படிச்சுப் பாத்துட்டுத்தானே கையெழுத்து போட்டேன்," என்றார். "எனக்கும் அந்தப் படகுதான் புடிச்சிருந்துச்சு." தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார்.

அக்காவிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்றேன். அதற்கு மட்டும் அவருக்குத் தைரியம் வரவில்லை. எதிரி நாட்டு ஏவுகணைக்கெல்லாம் பயப்படாதவர், "அவ மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது?" என்று சின்னப் பையனைப் போலக் கேட்டார்.

மறுநாள் காலை ஐந்தே காலுக்கு ஜெனரல் தன் பழைய ஸ்கூட்டரைக் கிளப்பினார். அந்த ஸ்கூட்டரைக் கிளப்பினால் தெருவே எழுந்துகொள்ளும். நேராகத் தண்ணீர்த் தொட்டி. பாதி வழியில் நடந்துபோய்க்கொண்டிருந்த அக்காவைப் பிடித்து, "சந்தைல ஷட்டர் பூட்டுங்க நெறைய மாட்டிக்குது, இனிமே தினமும் காலைல அங்கதான் வேலை. ஏறு, போற வழில விட்டுடறேன்" என்று ஒரே மூச்சில் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டிருக்கிறார். அண்ணி ஒன்றும் கேட்கவில்லையாம். கருவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்துவிட்டார். ஆறு மணி பத்து நிமிஷத்துக்குச் சமையலறைக் கதவு திறந்தாயிற்று.

அதற்கப்புறம் தினமும். மழை வந்தால் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தார்ப்பாய். ஜெனரலுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, ஸ்கூட்டருக்கு சைலன்சர் கழன்று விழுந்தது. ஒரு நாள்கூட நிற்கவில்லை. மூன்றாவது சிவப்பு மை விழவே இல்லை. போகிற வழியில் வழக்கம்போலப் பாதுகாப்புத் துறையைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன். "இல்ல, அக்காதான் பேசறா" என்றார். யாருக்கு மூட்டு வலி, எந்த வார்டில் பால் மிச்சம், சமையலறையில் எந்த அடுப்பு வருஷக்கணக்காகப் புகைகிறது, கேட்டால் பணம் இல்லை என்கிறார்கள். இதெல்லாம் அவருக்குப் புதுச் செய்தி.

சும்மா ஏற்றிக்கொண்டு போவதோடு நிற்கவில்லை. திரும்ப எண்ண ஆரம்பித்தார். இந்தத் தடவை நோட்டுப் புத்தகத்தில், நிறுத்தம் நிறுத்தமாக. யார் யார் அந்த வண்டியில் போனவர்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அண்ணிதான் பின்னால் உட்கார்ந்துகொண்டு சொல்லிக்கொண்டே வருவார். "இங்க நிறுத்து. இது மாவு மில் ஸ்டாப்பு. இங்க ஒம்போது பேரு. அதோ போறாங்க பாரு ரெண்டு பேரு, அவங்களும் நம்ம வண்டிதான்." மூன்று வாரத்தில் கணக்கு முடிந்தது. பதினோரு நிறுத்தம், எழுபத்து மூன்று பேர். ஒவ்வொருவரிடமும் கையெழுத்தும் வாங்கினார்கள். பூட்டுக்காரன் எதற்குப் பேருந்துக் கணக்கு எடுக்கிறான் என்று அண்ணி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் அதிசயமாகத்தான் இருந்தது.

நோட்டை எடுத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனோம். ஜெனரல் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். "சார், அந்தக் கடிதம் எழுதினது நான்தான். என் கருத்த வெச்சுத்தான் வண்டிய நிறுத்தினீங்க. அது தப்பான கணக்கு."

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி நல்ல மனிதர். நிமிர்ந்து பார்த்து, "எந்தக் கடிதம்?" என்றார்.

ஜெனரல் நாளிதழ்த் துண்டை நீட்டினார். அவர் அப்போதுதான் முதல் தடவையாகப் படித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இத இங்க யாரும் பாக்கலையே. வண்டி பழசு, மாத்தறதுக்கு டயர் இல்ல. அதனால நிறுத்தினோம்."

"பொதுமக்கள் கருத்துக்கிணங்கன்னு போட்டிருந்தீங்களே?"

"அது எல்லா அறிவிப்புலயும் இருக்கும் சார். அச்சடிச்ச பாரத்துலயே இருக்கு. நாங்க கீழ நம்பர மட்டும்தான் எழுதுவோம்."

வாழ்க்கையில் அவர் அடைந்த ஒரே வெற்றி அந்த மேசையின் மேல் செத்துக் கிடந்தது. பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். அதிகாரி நோட்டைப் புரட்டினார். நிறுத்தம் வாரியாகக் கணக்கு யாரும் கொடுத்ததில்லை என்றார். மேலே அனுப்புகிறேன், டயர் வந்தால் பார்க்கலாம் என்றார்.

வெளியே வந்ததும், "கேட்டீங்கல்ல? நம்ம கடிதத்தால நிக்கல. நம்ம மேல தப்பே இல்ல" என்றேன். எனக்கு ஒரு மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது.

அவர் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே, "அவங்க படிக்கல. சரி. ஆனா நாம எழுதினோம்ல?" என்றார். நான் மூட்டையைத் திரும்பத் தூக்கிக்கொண்டேன். அன்று வீட்டுக்கு வந்ததும் ரேடியோ மேல் இருந்த பிளாஸ்டிக் உறை காணாமல் போயிற்று. அதே வாரம் அவர் எழுதிய கடிதத்தில் திருத்தம் மட்டும்தான் இருந்தது. தன் எண்ணிக்கை தவறு, எழுபத்து மூன்று பேர் நடக்கிறார்கள் என்று. அறுபத்தோரு வார்த்தை. நான் ஒன்றைக்கூட வெட்டவில்லை. நாளிதழில் கடைசியாக, மூலையில் போட்டார்கள். பெயர் சின்ன எழுத்தில் இருந்தது.

மனு மேலே போயிற்று, திரும்பி வந்தது, மறுபடி போயிற்று. டயருக்கு ஒதுக்கீடு வரவில்லை. ஜெனரல் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு ஒதுக்கீட்டுக்காக நாலு தடவை அலுவலகப் படியேறினார். ஏழு மாதம் முடிகிற வாரத்தில் நிலையச் சுவரில் புது அறிவிப்பு ஒட்டினார்கள். பொதுமக்கள் தெரிவித்த கருத்துகளுக்கிணங்க ஐந்தரை வண்டி மறுபடி ஓடும்.

முதல் நாள் நாங்கள் இரண்டு பேரும் மாடியிலிருந்து இறங்கிப் போய் ஏறினோம். காலி வண்டி. ஜெனரல் ஜன்னலோரத்தில் ஒரு இடத்தில் தன் பையை வைத்து, யாரும் உட்காராதபடி பக்கத்தில் நின்றுகொண்டார். நான் பின்னால். இரண்டாவது நிறுத்தத்தில் பதினாறு பேர் ஏறினார்கள், மூன்றாவதில் இருபது பேர். அந்தப் பையை எடுக்கச் சொல்லி மூன்று பேர் சண்டைக்கு வந்தார்கள். எல்லையைக் காக்கிறவரைப் போல அவர் அசையவில்லை. தண்ணீர்த் தொட்டி வருவதற்குள் கம்பியைப் பிடிக்கக்கூட இடம் இல்லை.

அண்ணி ஏறினார். தம்பியைப் பார்த்தார். அவர் பையை எடுத்ததும் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டார். "ஷட்டர் வேலையெல்லாம் முடிஞ்சுதாடா?" என்றார்.

"முடிஞ்சுதுக்கா."

வண்டி கொஞ்ச தூரம் போயிற்று. அண்ணி ஜன்னல் வழியாக இருட்டைப் பார்த்துக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்.

"ஏண்டா, இந்த வண்டி டீசல்ல ஒரு படகு ஓடும்னு எழுதியிருந்தியே. ஏழு மாசம் ஓடுச்சா?"

ஜெனரலுக்கு முகம் வெளுத்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவே இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"உனக்கு... எப்பக்கா தெரியும்?"

"வந்த அன்னிக்கே. உன் பேரு வந்தா விட்ருவனா? வெட்டி அலமாரிக் கதவுல ஒட்டிருக்கேன். பேரு நல்லா தடிமனா போட்டிருந்தாங்கடா."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அத்தனை பேருக்கு நடுவில் துடைக்கவும் வழியில்லை. ஒரு கையில் கம்பி, ஒரு கையில் பை.

"ஓடலக்கா," என்றார். "எந்தப் படகும் ஓடல."

"போகட்டும் விடு. ஓடறப்ப சொல்லு. இன்னும் ஏழு மாசத்துல நான் சும்மாதான் இருப்பேன். ரெண்டு பேருமாப் போய்ப் பாத்துட்டு வரலாம்."

மருத்துவமனை வாசலில் அண்ணி இறங்கி, சமையலறைக் கதவைத் திறக்கப் போனார். வண்டி அங்கேயே திரும்பி எங்கள் நிலையத்துக்கு வரும். நான் உள்ளேயே உட்கார்ந்து ஜெனரலுக்கும் இடம் பிடித்தேன். அவர் ஏறவில்லை.

"நீ போ. நான் தண்ணித் தொட்டி வரைக்கும் நடந்து வரேன்" என்றார்.

"ஒண்ணேகால் மணி நேரமாகுங்க."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு, அக்கா நடந்து வந்த வழியில் நடக்க ஆரம்பித்தார்.